பட்டத்தின் பின்னே நிற்பது யார்?

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் கடந்த காலத்தின் பெருமையைப் பேசுவது வழக்கம். ஓலைக் கொட்டகையில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் தொடங்கிய மாலை வகுப்பு இன்று சொந்தக் கட்டடத்தில் நடக்கிறது. அந்தப் பெருமையை எனக்கு முன் பேசியவர்கள் நிறைவாக எடுத்துரைத்துவிட்டார்கள். ஆகவே, இனி நம் பிள்ளைகள் காலெடுத்து வைக்கப்போகும் ஒரு பாதையைப் பற்றியும், அப்பாதையிலுள்ள ஒரு பள்ளத்தைப் பற்றியும் பேச விரும்புகிறேன். அந்தப் பாதை வணிக மேலாண்மைக் கல்வி. அந்தப் பள்ளம் ஏற்பில்லாத பட்டம்.

இதை என் சொந்த அனுபவம் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் என்ற முறையில் பச்சை மையில் கையெழுத்திடும் உரிமை எனக்கு உண்டு. வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள் சான்றிதழ் நகல்களைக் கொண்டுவருவார்கள். மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, ‘உண்மை நகல்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை வைத்துக் கொடுப்பேன். சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் அப்படி வந்தார். அவர் குடும்பத்தில் முதல் பட்டதாரி. முறையான கல்லூரியில் பி.காம். முடித்து, பின்னர் பெருநகரம் ஒன்றிலிருந்த தனியார் நிறுவனத்தில் இரண்டாண்டுகள் எம்.பி.ஏ. படித்தவர். தங்க நிற எழுத்தும் வெளிநாட்டுப் பெயரும் பொறித்த அந்தச் சான்றிதழைக் கண்டு நான் மகிழ்ந்து கையெழுத்திட்டேன்.

அவர் எழுத்துத் தேர்வில் வென்றார். சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் அந்த எம்.பி.ஏ. செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் படிப்புக்காக அவருடைய தந்தை நாற்பது சென்ட் நிலத்தை விற்றிருந்தார். தாயாரின் காதுத் தோடு அடகுக் கடையில் இருந்தது. அந்த இளைஞர் நேரே என்னிடம் வந்து, “சார், நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள்?” என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. எனக்கோ பதில் இல்லை.

நான் கையெழுத்திட்டது நகல் உண்மை என்பதற்கு மட்டுமே. மூலம் செல்லுமா என்று நான் பார்க்கவில்லை; பார்க்கவும் எனக்குத் தெரியாது. அன்றிலிருந்துதான் இந்த அங்கீகாரம், ஒப்புதல், தரச்சான்று ஆகியவை யாவை என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்தறிந்ததை உங்கள் முன் வைப்பது அந்த இளைஞருக்கு நான் செலுத்தவேண்டிய கடன்.

நான் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் சேரப்போன நாளில், எழுத்தறியாத என் தந்தையார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இந்தப் படிப்ப சர்க்காரு ஒத்துக்குமா?” அன்று அது எனக்கு வெகுளித்தனமாகத் தோன்றியது. இன்று எண்ணிப் பார்க்கையில், கேட்கவேண்டிய முதற் கேள்வியே அதுதான் என்று உணர்கிறேன். இந்த உரை முழுவதும் என் தந்தையார் கேட்ட அந்த ஒரு கேள்விக்கான விரிவுரை என்றே கொள்ளுங்கள்.

வணிகக் கல்வி நமக்கு அந்நியமானதா? அன்று. பாபாசாகேப் அம்பேத்கர் அவர்கள் அமெரிக்காவிலும் இலண்டனிலும் பயின்று திரும்பிய காலத்தில், முதலீடு பற்றி ஆலோசனை கூறும் தொழில் ஒன்றைப் பம்பாயில் தொடங்கினார். அவர் தீண்டப்படாத சாதியைச் சேர்ந்தவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகிப் போனார்கள், தொழில் நின்றது. பின்னர் 1918-இல் பம்பாய் சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்தார். அங்கே மாணவர்கள் அவரை மதித்தார்கள். உடன் பணியாற்றிய ஆசிரியர்கள் சிலரோ, தாங்கள் குடிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தை அவர் தொடலாகாது என்றார்கள். அந்தப் பெருமகனார் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அக்கழகம் 1946-இல் சித்தார்த்தா கல்லூரியையும், 1953-இல் வணிகவியலுக்கும் பொருளாதாரத்திற்கும் தனியே ஒரு கல்லூரியையும் தொடங்கியது. ஆகவே வணிகக் கல்வி நம் சமூகத்திற்கு அவர் திறந்துவைத்த வாசல்களுள் ஒன்று.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. அவர் பெற்ற ஒவ்வொரு பட்டத்தின் பின்னும் எவராலும் மறுக்கமுடியாத ஒரு பல்கலைக்கழகம் நின்றது. கொலம்பியாவின் முனைவர் பட்டத்தையும் இலண்டனின் டி.எஸ்ஸி. பட்டத்தையும் ‘செல்லாது’ என்று சொல்ல எந்த அதிகாரிக்கும் இடமில்லை. அந்த மனிதரைச் சந்தேகித்தார்கள். அவர் பாத்திரத்தைச் சந்தேகித்தார்கள். அவர் பட்டத்தைச் சந்தேகிக்க முடியவில்லை. நம்மைச் சந்தேகிக்கக் காத்திருக்கும் சமூகத்தில் வாழ்கிறோம். நம் கையிலுள்ள சான்றிதழாவது சந்தேகத்திற்கு இடமற்றதாக இருத்தல் வேண்டும். வசதி படைத்த வீட்டுப் பிள்ளை ஒரு தவறான கல்லூரியில் சேர்ந்தாலும் மாமன் கடையோ சித்தப்பாவின் சிபாரிசோ அவனைத் தாங்கும். நம் பிள்ளைக்கு அந்தத் தாளைத் தவிர வேறு ஊன்றுகோல் இல்லை.

சந்தையில் உழவு மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம், விவரம் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்கிறோம். இலட்சக்கணக்கில் பணம் கட்டிப் படிக்கப் போகும்போது மட்டும் வழவழப்பான விளம்பரத் தாளைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறோம். அதிலே ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்ற ஒரு சொல் இருந்தால் போதும் என்று எண்ணிவிடுகிறோம். யாரால் அங்கீகரிக்கப்பட்டது, எதற்காக, எதுவரைக்கும் என்று கேட்பதில்லை.

ஒரு பேருந்தை எடுத்துக்கொள்வோம். அதற்குப் பதிவுச் சான்று வேண்டும். குறிப்பிட்ட வழித்தடத்தில் ஓட பெர்மிட் வேண்டும். வண்டி நல்ல நிலையில் உள்ளது என்பதற்கு எப்.சி. வேண்டும். இவை மூன்றும் வெவ்வேறு. பெர்மிட் இருப்பதால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்று பொருளில்லை. கல்விக்கும் இவ்வாறே மூன்று கேள்விகள் உள்ளன. பட்டம் வழங்கும் அதிகாரம் யாருக்கு? அந்தப் படிப்பை நடத்த ஒப்புதல் தந்தது யார்? அதன் தரத்தை மதிப்பிட்டது யார்? ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற் கேள்வி, பட்டம் வழங்குவது யார் என்பது. 1956-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. நாடாளுமன்றமோ மாநிலச் சட்டமன்றமோ இயற்றிய சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், பட்டம் வழங்க நாடாளுமன்றம் தனியே அதிகாரம் அளித்த நிறுவனம் ஆகியவை மட்டுமே பட்டம் வழங்கலாம். கல்லூரி பட்டம் வழங்குவதில்லை. அது இணைந்துள்ள பல்கலைக்கழகம்தான் வழங்குகிறது. ஆகவே கல்லூரியின் பெயரைக் கேட்டதும், “பட்டத்தில் கையெழுத்திடும் துணைவேந்தர் எந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்?” என்று கேளுங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யு.ஜி.சி. தன் இணையதளத்தில் வெளியிட்டு வருகிறது. அதையும் ஒருமுறை பாருங்கள்.

இச்சட்டம் பெரியவர், சிறியவர் என்று பார்ப்பதில்லை. கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் 1961-இல் தொடங்கப்பட்ட ஐ.ஐ.எம். என்னும் இந்திய மேலாண்மை நிறுவனங்கள் உலகப் புகழ் பெற்றவை. ஆயினும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவை எம்.பி.ஏ. என்ற பட்டத்தை வழங்கவில்லை. முதுநிலைப் பட்டயம் மட்டுமே வழங்கின. நாடாளுமன்றம் இயற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பிறகே அவற்றுக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் கிடைத்தது. ஐ.ஐ.எம். நிறுவனங்களே காத்திருந்த ஓர் உரிமையை, மாடிக் கட்டடம் ஒன்றில் நான்கு அறைகளை வாடகைக்கு எடுத்தவர் எளிதாகத் தருவதாகச் சொன்னால், நாம் ஐயப்படவேண்டாமா?

பல நகரங்களில் கிளைகள் பரப்பி, நாளேடுகளில் முழுப்பக்க விளம்பரம் செய்துவந்த மேலாண்மை நிறுவனம் ஒன்று இருந்தது. அது எம்.பி.ஏ., பி.பி.ஏ. என்ற சொற்களைப் பயன்படுத்தலாகாது என்று டில்லி உயர் நீதிமன்றம் 2014 செப்டம்பரில் தடை விதித்தது. நீதிமன்றம் தடை விதித்தது நன்று. ஆனால், தடைக்கு முன் பணம் கட்டிப் படித்து முடித்தவர்களின் ஆண்டுகளை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது. ஆகவே நீதிமன்றம் விழிக்கும்வரை நாம் உறங்கியிருக்கலாகாது.

‘வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டம்’ என்ற சொல்லும் நம்மை மயக்குவது. வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைநிலை வழங்குவது குறித்து 2025-இல் யு.ஜி.சி. விதிமுறைகளை வெளியிட்டுள்ளது. வெளிநாட்டுப் பெயரை வாடகைக்கு எடுத்தது போன்ற கிளை உரிமை முறையில் இங்கே தரப்படும் பட்டங்களுக்கு அதன்படி இணைநிலை கிடையாது. என் மாணவரின் தங்க எழுத்துச் சான்றிதழ் இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

இரண்டாவது கேள்வி, ஒப்புதல் பற்றியது. 1945-இல் ஆலோசனைக் குழுவாகத் தோன்றி, 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதிகாரம் பெற்றது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, ஏ.ஐ.சி.டி.இ. என்று சுருக்கமாக அழைக்கிறோம். பல்கலைக்கழகத்தோடு இணையாமல், பி.ஜி.டி.எம். எனப்படும் முதுநிலை மேலாண்மைப் பட்டயம் நடத்தும் தனி நிறுவனங்களுக்கு இக்குழுவின் ஒப்புதல் இன்றியமையாதது. பி.பி.ஏ., பி.சி.ஏ. போன்ற இளநிலைப் படிப்புகளும் 2024-25 கல்வியாண்டு முதல் இக்குழுவின் ஒப்புதல் வரம்பிற்குள் கொண்டுவரப்பட்டன. ஒப்புதல் என்பது ஒருமுறை பெற்றால் என்றென்றும் நிற்பதன்று, காலவரையறை உடையது. சேரும் ஆண்டுக்கு ஒப்புதல் உண்டா, எத்தனை இடங்களுக்கு உண்டு என்பதை அந்தக் கடிதத்திலேயே பார்க்கவேண்டும்.

பட்டயம் என்றால் தாழ்ந்தது என்று எண்ணவேண்டா. நல்ல பி.ஜி.டி.எம். பட்டயத்தை எம்.பி.ஏ. பட்டத்திற்கு இணையானதென இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஏற்கிறது. ஆனால் எல்லாப் பட்டயங்களையும் அது தானாகவே ஏற்றுக்கொள்வதில்லை. இணைநிலை ஆணை உண்டா என்று கேட்டறிய வேண்டும். அரசு வேலைக்கோ மேற்படிப்புக்கோ போகும்போது அந்த ஓர் ஆணை இல்லாமல் திண்டாடியவர்கள் உண்டு.

பல்கலைக்கழகம் தன் சொந்தத் துறையில் நடத்தும் படிப்புக்கு இக்குழுவின் முன் ஒப்புதல் தேவையில்லை என்பதை, திருச்சியின் பாரதிதாசன் பல்கலைக்கழகம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பாகச் சொன்னது. ஆகவே ஒப்புதல் கடிதம் இல்லை என்பதற்காக ஒரு பல்கலைக்கழகத் துறையை ஒதுக்கிவிடலாகாது. விதியைத் தெரிந்துகொள்ளாமல் அஞ்சுவதும் தவறு. தெரிந்துகொள்ளாமல் நம்புவதும் தவறு.

தொலைநிலைக் கல்வியில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். வேலை செய்துகொண்டே படிக்கும் நம் இளைஞர்கள் பலர் அவ்வழியே செல்கிறார்கள். பல்கலைக்கழகம் உண்மையானதாக இருக்கலாம். ஆனால் குறிப்பிட்ட படிப்பைத் தொலைநிலையில் நடத்த அதற்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம். நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் முறையான ஒப்புதலின்றித் தொலைநிலையில் வழங்கிய பொறியியல் பட்டங்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டு, அவர்கள் மீண்டும் தேர்வெழுத வேண்டியதாயிற்று. அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் செல்லாதவையாயின. பத்தாண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர் ஒரு காலையில் தம் பட்டத்தை இழந்தார் என்றால், அந்த வீட்டின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஆகவே யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல், படிப்பின் பெயரையும் ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டு அரசுப் பணியை நாடுவோர் இன்னொன்றையும் மனத்திற்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்பு, மேல்நிலை, இளநிலைப் பட்டம் என்ற வரிசையில் படித்திருக்கவேண்டும் என்பது விதி. பள்ளிப் படிப்பை முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பெற்ற பட்டம் அரசுப் பணிக்கு ஏற்கப்படாது என்று 2009-இல் அரசாணை வந்தது. வறுமையால் பள்ளியை இடையில் விட்டவர் நம்மிடையே மிகுதி. அவர்களுக்கு நான் சொல்வது இது: குறுக்கு வழியில் எம்.பி.ஏ. வரை போவதைவிட, தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பையும் மேல்நிலையையும் முதலில் முடியுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் கூடுதலாகலாம். ஆனால் ஏறிய படி சரியாது.

மூன்றாவது கேள்வி, தரத்தைப் பற்றியது. தரச்சான்று என்று நாம் சொல்வது இதைத்தான். 1994-இல் பெங்களூரில் யு.ஜி.சி. நிறுவியது தேசியத் தர மதிப்பீட்டுக் குழு. ‘நாக்’ என்று அழைப்பார்கள். இது கல்லூரியையோ பல்கலைக்கழகத்தையோ முழுமையாக மதிப்பிடுகிறது. அதே 1994-இல் தோன்றி, 2010 முதல் தன்னாட்சியுடன் இயங்குவது என்.பி.ஏ. எனப்படும் தேசிய அங்கீகார வாரியம். இது தனித்தனிப் படிப்புகளை மதிப்பிடுகிறது. எம்.பி.ஏ. படிப்புக்கு என்.பி.ஏ. சான்று என்பதைக் கேட்டு, இரண்டும் ஒன்றே என்று மயங்கியவர்களுள் நானும் ஒருவன். ஒன்று படிப்பு, மற்றொன்று அதை மதிப்பிடும் வாரியம். ஒரு கல்லூரியின் பொறியியல் பிரிவு பெற்ற சான்றைக் காட்டி, அதே கல்லூரியின் மேலாண்மைத் துறைக்கு ஆள் சேர்ப்பதும் உண்டு. எந்தப் படிப்புக்குச் சான்று என்பதைப் படித்துப் பார்த்தால் இந்த மயக்கம் தீரும்.

‘நாக்’ குழு நான்கு புள்ளிகளுக்கு மதிப்பெண் கணக்கிட்டு, ஏ இரட்டைக் கூட்டல் முதல் சி வரை தரநிலை வழங்கி வந்தது, 3.51-க்கு மேல் பெற்றவை உச்ச நிலை, 1.50-க்கு மேற்படாதவை சான்று பெறாதவை. பொதுவாக ஐந்தாண்டுக்குச் செல்லும். எழுத்து வரிசைக்குப் பதில் ‘சான்று உண்டு’, ‘சான்று இல்லை’ என்ற இருநிலை முறைக்கு மாறும் முடிவு 2024-இல் அறிவிக்கப்பட்டது. ஆகவே வாயிற்பலகையில் எழுதியுள்ள எழுத்தை மட்டும் பார்க்காமல், அது எந்த ஆண்டில் தரப்பட்டது, எந்த ஆண்டில் முடிகிறது என்றும் பாருங்கள். எப்.சி. முடிந்த பேருந்தில் பிள்ளையை ஏற்றமாட்டோம் அல்லவா?

மேலாண்மைப் பள்ளிகளுக்கென்றே உலகளவில் மூன்று சான்றுகள் பேசப்படுகின்றன. 1916-இல் அமெரிக்காவில் தோன்றிய ஏ.ஏ.சி.எஸ்.பி., 1967-இல் இலண்டனில் தோன்றிய ஆம்பா, ஐரோப்பிய அமைப்பொன்று வழங்கும் ஈக்விஸ் ஆகியவை அவை. மூன்றையும் பெற்றவற்றை ‘மும்முடி’ பெற்றவை என்பார்கள். இந்தியாவில் அதை முதலில் பெற்றது கல்கத்தா ஐ.ஐ.எம். இவை மதிப்பிற்குரியவை; ஆனால் இவை பட்டம் வழங்கும் அதிகாரத்தைத் தருவதில்லை. இன்னொன்று: இத்தகைய அமைப்பில் உறுப்பினராகச் சந்தா கட்டுவது வேறு, அதன் சான்றைப் பெறுவது வேறு. ‘உறுப்பினர்’ என்பதைப் பெரிய எழுத்தில் போட்டு, சான்று பெற்றதுபோல் தோன்றச் செய்யும் விளம்பரங்களைக் கண்டு ஏமாறலாகாது.

இளைஞர்களே, இவ்வளவு சொன்ன நான் முத்திரையைத் தெய்வமாக்கிவிட்டேன் என்று எண்ணாதீர்கள். முத்திரை வைப்பவரும் மனிதரே. 2025 பிப்ரவரியில், ஒரு கல்வி நிறுவனத்திற்கு உயர்ந்த தரநிலை வழங்க இலஞ்சம் பெற்றதாகக் குற்றஞ்சாட்டி, ‘நாக்’ ஆய்வுக் குழுவின் தலைவரையும் உறுப்பினர்களையும் மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்தது. ஆகவே சான்று இருக்கிறதா என்று பார்ப்பது தொடக்கம். சான்றின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதே முடிவு.

அதற்கு வழி உண்டு. தரமதிப்பீட்டுக்குச் செல்லும் ஒவ்வொரு கல்லூரியும் தன்னைப் பற்றித் தானே எழுதிய அறிக்கை ஒன்றை அளிக்கிறது. அது கல்லூரியின் இணையதளத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. அதில் ஏழு தலைப்புகள். கற்பித்தல் பற்றிய இரண்டாம் தலைப்பின்கீழ், இட ஒதுக்கீட்டுக்குரிய இடங்களில் எத்தனை நிரப்பப்பட்டன என்ற கணக்கு உண்டு. ஐந்தாம் தலைப்பில், எத்தனை மாணவர்கள் உதவித்தொகை பெற்றார்கள், எத்தனை பேர் வேலைக்குச் சென்றார்கள் என்ற கணக்கு உண்டு. கட்டடத்தின் படத்தைப் பார்ப்பதற்குமுன் இந்தக் கணக்கைப் பாருங்கள். ஐந்தாண்டுகளாக நமக்குரிய இடங்கள் வெறுமையாகவே கிடந்திருந்தால், அந்தக் கல்லூரியின் உயர்ந்த எழுத்து நமக்கு என்ன சொல்கிறது? அதை நீங்களே தீர்மானியுங்கள்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். 1944-இல் தொடங்கப்பட்ட மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டம் நம் சமூகத்தைக் கல்லூரி வாசலுக்குக் கொண்டுவந்த பெருந்திட்டம். அது அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில், அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு மட்டுமே உண்டு. நிருவாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு இல்லை என்று 2018-இல் வந்த மத்திய அரசின் நெறிமுறைகள் சொல்லிவிட்டன. ஆகவே இடைத்தரகர் சொல்கேட்டு நிருவாக இடத்தில் சேராமல், ‘டான்செட்’ தேர்வெழுதிக் கலந்தாய்வு வழியே செல்லுங்கள். அங்கே ஆதிதிராவிடர்க்கு 18 விழுக்காடும், அதனுள் அருந்ததியர்க்கு 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 3 விழுக்காடும், பழங்குடியினர்க்கு 1 விழுக்காடும் இடம் உண்டு. துணிவுள்ளவர்கள் ‘கேட்’ தேர்வெழுதி ஐ.ஐ.எம். வாசலையும் தட்டுங்கள். 2011-இல் தொடங்கப்பட்ட ஐ.ஐ.எம். ஒன்று நம் திருச்சிராப்பள்ளியிலேயே இருக்கிறது. ஐ.ஐ.எம்.களில் பட்டியல் சாதியினர்க்கு 15 விழுக்காடும் பழங்குடியினர்க்கு 7.5 விழுக்காடும் ஒதுக்கப்பட்டுள்ளன. தகுதியும் உரிமையும் உள்ள வாசலை விட்டுவிட்டு, பணம் கேட்கும் சந்துக்குள் நாம் ஏன் நுழையவேண்டும்?

நம் கல்விக் கழகத்திற்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் மேல்நிலைத் தேர்வு முடிவும் பட்டத்தேர்வு முடிவும் வரும் நாள்களில், இந்தக் கட்டடத்தில் ஒரு மேசை போடுவோம். விவரம் தெரிந்த இரண்டு பட்டதாரிகள் அங்கே அமரட்டும். எந்த வீட்டுப் பிள்ளையும் முன்பணம் கட்டுமுன் அந்த மேசைக்கு வந்து மூன்று கேள்விகளுக்கும் விடை பெற்றுச் செல்லட்டும். மற்றவர் வீட்டில் விவரம் தெரிந்த மாமன் இருக்கிறார். நம் வீடுகளுக்கு இக்கழகமே மாமனாக இருக்கட்டும். இதற்குப் பெரும் பணம் வேண்டா. ஒரு கணிப்பொறியும் சிறிது பொறுமையும் போதும். ஓய்வு பெற்ற பின் அந்த மேசையில் அமர நான் முதல் ஆளாக என் பெயரைத் தருகிறேன்.

ஏற்கெனவே கல்லூரியில் படிக்கும் இளைஞர்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஆய்வுக் குழுவினர் கல்லூரிக்கு வருகையில் மாணவர்களையும் முன்னாள் மாணவர்களையும் பெற்றோரையும் சந்திப்பது வழக்கமாக இருந்துவந்துள்ளது. 2017-இல் வந்த திருத்திய முறையில் மாணவர்களின் மனநிறைவைக் கேட்டறியும் ஆய்வு ஒன்றும் சேர்க்கப்பட்டது. அத்தகைய வாய்ப்பு வரும்போது, எழுதிக்கொடுத்ததை ஒப்பிக்காதீர்கள். ஆசிரியர் வந்தாரா, நூலகம் திறந்திருந்ததா, விடுதியில் வேற்றுமை உண்டா என்பதை உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். உங்களுக்குப் பின்னால் வரும் தம்பியும் தங்கையும் நீங்கள் அளித்த அந்தச் சாட்சியத்தை நம்பித்தான் சேரப்போகிறார்கள். முத்திரை பொய்யாகாமல் காப்பதில் நமக்கும் பங்கு உண்டு.

இந்த அமைப்புகளின் பெயர்கள் நாளை மாறலாம். இவற்றின் பணிகளையெல்லாம் ஒரே ஆணையத்தின்கீழ் கொண்டுவரும் கருத்து 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையிலேயே காணப்படுகிறது. பெயர்கள் மாறினாலும் கேள்விகள் மாறா. பட்டம் தருவது யார்? ஒப்புதல் தந்தது யார்? தரம் பார்த்தது யார்? இந்த மூன்றையும் உள்ளங்கையில் எழுதிக்கொள்ளுங்கள்.

என்னிடம் வந்த அந்த இளைஞரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவருடைய பி.காம். பட்டம் முறையானது; அதுவே அவரைக் கைவிடாமல் தாங்கியது. அதைக் கொண்டு மீண்டும் தேர்வெழுதி, இன்று ஓர் அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றுகிறார். தாயாரின் தோட்டை மீட்டுவிட்டார். நிலத்தை மீட்க முடியவில்லை. இப்போது அவருடைய தங்கை கல்லூரியில் சேரவிருக்கிறார். சென்ற மாதம் அண்ணனும் தங்கையும் ஒரு கல்லூரியின் விவரக் கையேட்டோடு என் அறைக்கு வந்தார்கள். நான் பச்சை மைப் பேனாவைக் கையில் எடுக்கவில்லை. நாங்கள் மூவரும் கணிப்பொறி முன் அமர்ந்து, ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரத்தை அவருடைய அண்ணனுக்கு அன்று நான் கொடுத்திருக்க வேண்டும்.